பியானோவில் எவ்வளவு தேறியது?

நாற்பது வயதுக்கு மேல் பியானோ முன் உட்காருபவர்களைப் பாதியில் எழுந்துபோக வைப்பது பெரும்பாலும் விரல்கள் அல்ல. கையில் இருக்கும் தவறான அளவுகோல்தான்.

கோலார் தங்கவயலில் 'கிரேடு' என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் எத்தனை கிராம் தங்கம் தேறும்? அதுதான் கிரேடு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, ஆரம்ப ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல்கூடத் தேறியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவைச் சாத்தியபோது அது 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு சின்ன எண்ணுக்கு ஓர் ஊரின் பிழைப்பையே புரட்டிப் போடும் சக்தி உண்டு என்பதைத் தங்கவயல்காரர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

பியானோ கற்பவர்களுக்கும் இதே பெயரில் ஓர் எண் இருக்கிறது. 1889இல் லண்டனில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வு வாரியமும், அதற்கு முன்பே தேர்வு நடத்த ஆரம்பித்துவிட்ட டிரினிடி கல்லூரியும் கற்பவர்களை ஒன்று முதல் எட்டு வரை கிரேடு பிரிக்கின்றன. வயது வரம்பு கிடையாது. ஒன்பது வயதுச் சிறுமி எழுதும் அதே முதல் கிரேடை ஐம்பத்திரண்டு வயது வங்கி ஊழியரும் எழுதலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிறுமிக்கு அது ஒரு விளையாட்டு. வங்கி ஊழியருக்கோ, 'இந்த வயதில் இது நமக்குத் தேவையா?' என்று வீட்டாரும் கேட்டு, தானும் கேட்டுக்கொண்ட கேள்விக்கான தீர்ப்பு.

தங்கவயலில் அந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர் இது. பங்களாக்கள், கிளப், நடனம், கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் எல்லாம் மேட்டில் இருந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்து பாறையைக் குடைந்த தமிழர்கள் லைன் வீடுகளில் இருந்தார்கள். மூங்கில் தட்டிச் சுவரும் தாழ்ந்த கூரையுமாக இருந்த அந்த வீடுகளில் ஆள் நுழைவதே குனிந்துதான். இருநூறு கிலோ எடையுள்ள பியானோ எங்கே நுழையும்? மேற்கத்திய இசை அவர்களுக்குப் பெரும்பாலும் தேவாலயத்துப் பாடற்குழு வழியாகவும், கொஞ்சம் பள்ளிக்கூடம் வழியாகவும் வந்து சேர்ந்தது. வாசிப்பது துரை வீட்டு வேலை, கேட்பது நம் வேலை என்ற எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போகக்கூடியது அல்ல.

சாமான் பிரச்னை தீர்ந்துவிட்டது. 88 கட்டைகளும், அழுத்தினால் எதிர்த்து நிற்கும் எடையும் கொண்ட டிஜிட்டல் பியானோ இன்று ஒரு ஸ்கூட்டர் விலைக்குள் கிடைக்கிறது. சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டாம். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது. தீராதது நேரம்தான். சுரங்கம் மூடிய பிறகு ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடிவதற்கு முன்பே ரயில் ஏறிப் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பின் திரும்புகிறார்கள். அப்படி ஒருவர் பியானோ கற்க விரும்பினால் மிஞ்சுவது இரவில் அரை மணி நேரம்.

அரை மணி போதுமா? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தத் தேர்வுகளைத் தகுதிச் சான்றுகளாகப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு கிரேடுக்கும் வகுப்பும் பயிற்சியும் சேர்த்து எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டையும் குறிப்பிட வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம். கொடுத்திருக்கும் மதிப்பீடு முதல் கிரேடுக்கு 60 மணி. அடுத்தவற்றுக்கு முறையே 90, 120, 150, 180. ஐந்தாவது கிரேடு முடிய மொத்தம் 600 மணி. எட்டும் முடிக்க 1,410. தினம் அரை மணி, ஒரு நாளும் தவறாமல் உட்கார்ந்தால் வருடத்துக்கு 182 மணி சேரும். அதாவது முதல் கிரேடு நாலு மாதத்தில். ஐந்தாவது மூன்றேகால் வருடத்தில். எட்டாவது ஏறக்குறைய எட்டு வருடத்தில். இதில் காய்ச்சல், கல்யாணம், ரயில் தாமதம் எதுவும் சேரவில்லை. வாரத்தில் நாலு நாள் மட்டுமே முடிகிறவர் இரண்டு வருடம் கழித்தும் மூன்றாவது கிரேடை எட்டவில்லை என்றால் அவர் மந்தம் அல்ல. கணக்குப்படி சரியாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், ஆறு மாதத்தில் 'ஒன்றும் வரவில்லை' என்று மூடி வைப்பவர்கள்தான் அதிகம்.

ஏன் ஒன்றும் வராதது போலத் தோன்றுகிறது? காது கையை முந்திக்கொண்டு எங்கோ போய்விட்டதால். நாற்பது வருடம் நல்ல இசை கேட்டுப் பழகிய காது, இரண்டு மாதக் கையை நீதிபதி போல உட்கார்ந்து விசாரிக்கிறது. எட்டு வயதுப் பையனுக்குத் தான் வாசிப்பது எவ்வளவு கரடுமுரடு என்று தெரியாது; தெரியாததால் தொடர்ந்து வாசிக்கிறான். பெரியவருக்கு ஒவ்வொரு பிசகும் கேட்கிறது. பிசகு கேட்பது நல்ல அறிகுறி என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் தமிழர்கள் வழக்கமாக இழுக்கும் பெயர் இளையராஜா. சென்னைக்கு வந்து, இருபதுகளின் நடுவில்தானே அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார் என்பார்கள். உண்மைதான். லண்டன் டிரினிடி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிதாருக்குத் தங்கப் பதக்கமும் வாங்கினார். ஆனால் மாஸ்டர் வீட்டுப் படியேறும் முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்துப் பழுத்த கைகள் அவை. கட்டையில் விரல் வைத்தே பழகாத ஒருவர் அவரை அளவுகோலாக வைத்துக்கொள்வது, தன்மீது தானே தொடுக்கும் அநியாய வழக்கு.

அன்றைய பயிற்சி முடியும்போது எப்படி வாசித்தோம் என்பதும் நம்பத்தகாத சாட்சிதான். ஒரே நாலு வரியை இருபது முறை திருப்பித் திருப்பி வாசித்தால் இருபதாவது முறை அழகாக வரும். மனம் நிறைந்து படுக்கப் போகலாம். மறுநாள் வந்து உட்கார்ந்தால் பழைய குருடி கதவைத் திறடி. இது சோம்பேறித்தனமோ வயதோ அல்ல, கற்றலின் குணம். 1979இல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கை அசைவுகளைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். ஒன்றையே தொடர்ந்து செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். பிறகு நினைவைச் சோதித்தபோது தடுமாறியவர்கள்தான் முந்தினார்கள். பயிற்சியில் சுகமாக இருப்பது வேறு, கையில் தங்குவது வேறு.

உட்கார்ந்த நேரமும் அப்படித்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பியானோவைப் பாடமாக எடுத்த 17 மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச்சின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பழகலாம். மறுநாள் வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பழகியவர்கள் அல்ல. பிசகு எங்கே என்று உடனே கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் மெதுவாக்கித் திருத்தி, நிலையாகும்வரை விடாதவர்கள். பாட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது பெரியவர்களுக்கு மிகப் பிடித்த பழக்கம். முதல் எட்டு மாத்திரை பளபளக்கும். கடைசி எட்டு என்றும் புதிதாகவே இருக்கும்.

பின் எதைத்தான் பார்ப்பது? மறுநாள் விரல் சூடேறும் முன் வாசிக்கும் முதல் தடவையைப் பார்க்கலாம். எத்தனை இடத்தில் நின்றது, எத்தனை முறை பின்னால் போய் ஆரம்பித்தோம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தால் போதும். தப்பான ஸ்வரம் விழுவதைவிடத் தாளம் நிற்பதுதான் பெரிய குறை. ஸ்வரம் தப்பினாலும் கை நிற்காமல் போகத் தொடங்கிய நாள், ஒரு படி ஏறிய நாள். மாதம் ஒருமுறை அதே பாட்டைக் கைபேசியில் பதிவு செய்துவிட்டு, உடனே கேட்காமல் மூன்று மாதம் கழித்துக் கேட்பது இன்னொரு வழி. வாசிக்கும்போது காது பாதி வேலையாக இருக்கும். பதிவு இரக்கமும் காட்டாது, இல்லாத குறையையும் சொல்லாது.

இவற்றைவிட நேர்மையான சோதனை புதுப் பக்கம். இதுவரை பார்க்காத ஒரு பாட்டை, தன் நிலைக்கு இரண்டு படி கீழே எடுத்து, மெதுவாக, நிற்காமல் வாசிக்க முடிகிறதா? முதல் பாட்டுக்கு ஆறு வாரம் ஆனது. அதே கடினத்தில் பத்தாவது பாட்டுக்கு எத்தனை நாள் ஆனது? இந்த இடைவெளி சுருங்கினால் கற்றல் நடந்திருக்கிறது, பாட்டு கரடாகவே ஒலித்தாலும். சுரங்கத்தில் மாதிரி எடுப்பவர்கள் ஒரு கல்லை வைத்து ரீஃபின் தரத்தைச் சொல்ல மாட்டார்கள். பல இடத்தில் வெட்டியெடுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஒரு நல்ல நாளோ, ஒரு கெட்ட வாரமோ அதுபோல ஒற்றைக் கல்.

தேர்வை அப்படியானால் ஒதுக்கிவிடலாமா என்றால், வேண்டாம். வெளியாள் ஒருவர் கேட்டு மதிப்பெண் போடுவதில் லாபம் உண்டு. தேதி குறித்த தேர்வு சோம்பலையும் விரட்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேர்முகத் தேர்வில் மொத்தம் 150, தேற 100. மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் சொல்வதற்கு 18. வருடம் முழுக்க மூன்றே பாட்டை உருப்போட்டவர் இதில் முழு மதிப்பெண்ணே வாங்கினாலும் 90தான், தேற மாட்டார். 2020இல் வந்த இன்னொரு வகைத் தேர்வில் நான்கு பாட்டை வாசித்து வீடியோ அனுப்பினால் போதும். ஸ்கேலும் இல்லை, புதுப் பக்கமும் இல்லை. கூச்ச சுபாவிகளுக்கும், தேர்வாளர் எதிரே கை நடுங்குபவர்களுக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் இதில் ஐந்தாவது கிரேடு வாங்கிய ஒருவர் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் திணறலாம். சான்றிதழில் அது தெரியாது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் புதுப் பக்கச் சோதனையைத் தனக்குத்தானே நடத்திக்கொள்வது நல்லது.

வயது எதையும் பறிப்பதில்லை என்று சொல்வதும் பொய். விரலின் வேகம் குறைவு, மூட்டு இறுகியிருக்கும், மணிக்கட்டில் வலி வந்தால் அதை உழைப்பின் அடையாளமாக எண்ணாமல் நிறுத்திவிட வேண்டும். எதிர்ப்பக்கத்தில், ஒரு பாட்டின் கட்டுமானத்தைச் சிறுவனைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும். அமெரிக்காவில் ஜெனிபர் பியூகோஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 60 முதல் 85 வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். கவனத்தையும் வேலை நினைவையும் சோதிக்கும் சில பரீட்சைகளில் அவர்கள் முன்னேறினார்கள். அவர்களில் யாரும் கச்சேரிக்குப் போகும் உத்தேசத்தில் கற்கவில்லை.

தங்கவயல்காரருக்கு வீடியோ தேர்வில் ஒரு சௌகரியம், இன்னொரு ரயில் டிக்கெட் வேண்டாம். அசௌகரியமும் உண்டு. நான்கு பாட்டையும் ஒரே பதிவில், வெட்டாமல் ஒட்டாமல் வாசிக்க வேண்டும். ஹெட்போன் உதவாது, சத்தம் வெளியே வந்தாக வேண்டும். இரவு எட்டரைக்கு லைன் வீட்டில் பதிவு செய்ய உட்காருபவர் முதலில் பக்கத்து வீட்டு டிவியைக் குறைக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் அடித்தால், அதோடு சேர்த்தே அனுப்புவதா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதா என்பதை அவரேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.