தள்ளாட்டம் எல்லாம் போதை அல்ல: நரம்பு டாக்டரின் சுத்தியல் சொல்வது என்ன?

"ஒரு ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும். எதுக்கு முட்டியில தட்டிக்கிட்டு இருக்காங்க?" நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகும் பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது. ஆனால் ஸ்கேனை எங்கே எடுப்பது, தலையிலா, கழுத்திலா, இடுப்பிலா என்பதை முடிவு செய்வதே அந்தப் பரிசோதனைதான். சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் சிடி ஸ்கேன் இயல்பாகவே தெரியலாம். நோயாளியின் நடை மட்டும் உண்மையைச் சொல்லிவிடும்.

தசை இறுக்கம்: பிடித்து அசைப்பது ஏன்?

"கையைத் தளர்வா விடுங்க ஐயா, நானே அசைக்கிறேன்" என்பார் டாக்டர். ஓய்வில் இருக்கும்போதும் தசையில் கொஞ்சம் இறுக்கம் இருக்கும். அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

பக்கவாதம் வந்து சில வாரங்கள் ஆன கையை வேகமாக நீட்டினால் முதலில் தடுக்கும், பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும், மடக்குக் கத்தி மாதிரி. பார்க்கின்சன் நோயில் ஈயக் குழாயை வளைப்பது போல ஒரே சீரான இறுக்கம் இருக்கும். அதோடு நடுக்கமும் சேர்ந்தால் பல்சக்கரம் போல விட்டு விட்டு நகரும். பக்கவாதம் வந்த புதிதிலோ கை துவண்டு கிடக்கலாம்.

முட்டியில் தட்டுவது ஏன்?

1875-ல் ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிய சோதனை இது. முட்டிச் சில்லுக்குக் கீழே தட்டினால் செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்பி வந்து காலை உதைக்க வைக்கும். மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காது. இதுதான் அனிச்சை. 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 2 என்றால் இயல்பு.

மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருந்தால், கட்டுப்படுத்த ஆளில்லாமல் உதை பலமாக வரும். தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு கெட்டால் உதை குறையும், அல்லது வராது. நீண்டகால சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கணுக்கால் அனிச்சை இருக்காது. சில நாட்களில் காலிலிருந்து மேல்நோக்கிப் பலவீனம் ஏறி, அனிச்சையும் மறைந்தால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளைத் தாக்கக்கூடியது என்பதால் உடனே அட்மிட் ஆக வேண்டும்.

உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பது பாபின்ஸ்கி 1896-ல் சொன்ன சோதனை. பெரியவர்களுக்குக் கட்டைவிரல் மேல்நோக்கி எழுந்தால் மூளை அல்லது தண்டுவடப் பாதையில் கோளாறு என்று பொருள். கைக்குழந்தைகளுக்கு அது இயல்பு.

மூக்கைத் தொடச் சொல்வது ஏன்?

டாக்டரின் விரலையும் தன் மூக்கையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். ஒரு குதிகாலை மறுகால் முழங்காலில் வைத்து முன்னெலும்பு வழியே கீழே இழுக்க வேண்டும். கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து நடக்க வேண்டும். கைகால்களில் பலம் இருந்தும் குறி தவறினால் சந்தேகம் சிறுமூளை மேல் விழும்.

வட சென்னையில் இதற்கு என்ன முக்கியத்துவம்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ, எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலோ ஒருவர் வாய் குழறித் தள்ளாடினால், "சரக்கு ஓவர்" என்று ஒதுங்கிப் போவதுதான் வழக்கம். சிறுமூளைப் பக்கவாதமும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். குடித்தவருக்கும் பக்கவாதம் வரலாம். முகமோ கையோ கோணாமலேயே திடீர்த் தலைசுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, நிற்க முடியாத நிலை என்று அது தொடங்கலாம்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும்.

என்ன செய்யலாம்?

* 108-ஐ அழையுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் பகுதிக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.
* கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.
* சோடா, டீ, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். புரையேறலாம்.

பக்கவாதத்துக்குப் பிறகு வீடு திரும்பியவரின் கை இறுகிக்கொண்டே போனால், பயிற்சியை விட்டுவிடக் கூடாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.