புற்றுக்குள்ளே ஒரு விவசாயம்

நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில் நம் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துப் பால்மரக் காட்டில் புற்றுக்காளான் தலைகாட்டும். இடி இடித்ததால் முளைத்தது என்பார்கள் பெரியவர்கள். மழை ஈரம் அதை வெளியே கொண்டுவருகிறது, உண்மைதான். ஆனால் பயிரிட்டது கரையான். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காளானின் தண்டு தரையோடு நிற்காது. வேர்போல மண்ணுக்குள் நீண்டு போகும். அதன் வழியே தோண்டினால் கரையானின் அறை வரும். உள்ளே பழுப்பு நிறத்தில், மடிப்பு மடிப்பாக, விரல் பட்டாலே உதிரும் கட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் கடுகளவு வெள்ளை முத்துகள். இதுதான் பாத்தி.

காய்ந்த இலையும் கட்டையும் கரையானுக்கு அப்படியே செரிக்காது. வேலைக்காரக் கரையான்கள் அவற்றைத் தின்று, பூஞ்சையின் வித்துகளோடு கழிவாக்கிப் பாத்தியில் சேர்க்கின்றன. பூஞ்சை அதிலுள்ள கெட்டியான மரச்சத்தை உடைக்கிறது. மாவு புளித்த பிறகு இட்லி வயிற்றுக்கு இதமாவதுபோல, கட்டையும் உணவாகிவிடுகிறது. இளசுகள் முத்துகளைத் தின்னும், மூத்தவை பக்குவப்பட்ட பழைய பாத்தியைத் தின்னும். பதிலுக்குக் கரையான்கள் ஈரமும் சூடும் மாறாமல் காக்கின்றன, களைப்பூஞ்சை தலையெடுக்காமல் அடக்குகின்றன. டெர்மிட்டோமைசிஸ் என்ற இந்தப் பூஞ்சையும் அதை வளர்க்கும் கரையானும் ஒன்றைவிட்டு ஒன்று பிழைப்பதில்லை.

அமெரிக்கக் கண்டத்தின் இலைவெட்டி எறும்புகள் பச்சை இலையை நறுக்கிவந்து பூஞ்சை வளர்ப்பதை 1874இல் தாமஸ் பெல்ட் எழுதினார். கரையான் புற்றுக்குள் பூஞ்சை வளர்வதையோ, தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கோனிக் 1779இலேயே எழுதிவிட்டார். அதே ஆண்டு அவர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் வந்தார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

இரண்டு விவசாயத்துக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. புதுக் குடித்தனம் போகும் ராணி இலைவெட்டி எறும்பு, தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாயில் வைத்துக்கொண்டு பறக்கும். நம் ஈசல்களில் பெரும்பாலானவை வெறுங்கையோடுதான் கிளம்புகின்றன. புதுப்புற்றின் வேலைக்காரர்கள் இரை தேடும்போது, மண்ணில் விழுந்த காளான் வித்துகளைப் பொறுக்கிவந்து முதல் பாத்தி போடுகின்றன.

ஆகவே காளான் பறிக்க, அதை அடையாளம் தெரிந்தவரோடு போங்கள். விஷக்காளானும் அதே மழையில்தான் முளைக்கும். பாத்தியைக் கிண்டாதீர்கள். நன்றாக விரிந்த குடைகளில் சிலவற்றையாவது விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த புற்றுக்கு அவைதான் விதை.