பழைய மஸ்டாங்கின் முன் சக்கரங்கள்

ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு அமெரிக்க மோட்டார் வண்டியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் குவார்ட்டர்ஸ் வாயிலில் நிற்பது ஒரு சைக்கிள்தான். எனினும், கடந்த மூன்று மாதங்களாக நம் இல்லத்துப் பேச்சில் ஒரு காரின் முன்பாகம் ஓயாமல் அடிபடுகிறது.

நம் சிற்றன்னையின் மகன் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு அவன் 1966-ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்றை வாங்கினான். 289 கன அங்குல வி-எட்டு எஞ்சின் பூட்டியது. இவ்வகை வண்டிகளை அந்நாட்டார் ‘மஸில் கார்’ என்பர். மஸ்டாங்கை அவ்வினத்தில் சேர்க்கலாகாது, அது ‘போனி’ இனம் என்று வழக்காடுவோரும் உளர். எஞ்சினில் குறையில்லை. ஆனால் நேர்ச்சாலையில் வண்டி இருபுறமும் அலைகிறது. வளைவில் முகம் சாய்கிறது. முன் டயர்களின் வெளி விளிம்பு தேய்கிறது. பழைய சஸ்பென்ஷனை அறுத்தெறிந்து புதியதைப் பொருத்துமாறு ஒரு பட்டறைக்காரர் கூறினாராம். அதற்காகும் தொகையோ, தங்கையின் திருமணத்துக்கு மனைவி மக்களோடு ஊர் வருவதற்கென்று தம்பி சேர்த்து வைத்திருந்த தொகை! “நீயாவது எடுத்துச் சொல்லப்பா, உன் பேச்சைத்தான் கேட்பான்” என்று சித்தி தொலைபேசியில் கண் கலங்கினார். அன்று தொடங்கிற்று நமது படிப்பு.

1964 ஏப்ரலில் மக்கள் முன் வந்த மஸ்டாங், ‘பால்கன்’ என்ற சிக்கனக் குடும்பக் காரின் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. சுருள்வில் மேற்கையின்மீது அமர்ந்து, எஞ்சினின் பக்கத்தில் எழும்பியுள்ள ஒரு தகட்டுக் கோபுரத்தை முட்டுகிறது. அவ்வில்லின் நடுவே ஷாக் அப்சார்பர். பாரத்தைத் தாங்குவது வில். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையின் பழைய பெட்டிகளிலும் சுருள்வில்லும் எண்ணெய்க் குடுவையும் இவ்வாறே வேலையைப் பகிர்ந்துகொண்டன என்பதை நம் ரயில்வே நண்பர்கள் அறிவர். கீழ்க்கை மெலிந்த ஒற்றைக் கை. அது முன்பின் நகராதபடி ஒரு நீண்ட கம்பி முன்புறச் சட்டத்தோடு ரப்பர் புஷ் வழியாகப் பிணைக்கிறது.

இவ்வமைப்பில் பாரமெல்லாம் கோபுரத்தில் இறங்குகிறது. ஆகவே முதலிற் பார்க்க வேண்டியது விற்பனைப் பட்டியலை அன்று, கோபுரத்தை. அங்கே விரிசலோ துருவோ இருப்பின் எத்துணை விலையுயர்ந்த வில்லும் பயன் தராது. அடுத்தது ரப்பர். ஏறத்தாழ அறுபது ஆண்டு வயதான புஷ்களும், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டுகளும், தளர்ந்த ஸ்டீயரிங் இணைப்புகளும் இருக்கும்வரை எந்த மேம்பாட்டின் குணமும் வெளிப்படாது. தம்பியின் வண்டியில் மேற்கையின் புஷ்கள் பொடிந்தே போயிருந்தன. அலைச்சலில் பெரும்பகுதி அதனால் என்பது நமது எண்ணம்.

ரப்பருக்குப் பதிலாக யூரித்தேன் என்னும் கடினப் பொருளை இடலாமா என்று தம்பி கேட்டான். சில இடங்களில் இடலாம். கீச்சொலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்நீண்ட கம்பி சக்கரத்தோடு மேலும் கீழும் அசைய வேண்டியது. அதன் புஷ் விட்டுக்கொடுக்காவிடில் கம்பியே வளைந்து வளைந்து ஒருநாள் முறியலாம். பிரேக் பிடிக்கும் வேளையில் அது முறிந்தால் நேரக்கூடியதை எழுத மனம் வரவில்லை.

பிறகு சக்கரக் கோணம். அக்காலத்துப் பயஸ் டயர்களுக்கு வகுத்த கோணங்கள் இக்கால ரேடியல் டயர்களுக்கு ஒவ்வா. சைக்கிளின் முன் கவை பின்சாய்ந்திருப்பதால் அது நேரே செல்ல விழைவதுபோல, காரின் ஸ்டீயரிங் அச்சையும் சற்று அதிகமாகப் பின்சாய்த்தால் வண்டி நேர்வழியைப் பற்றிக்கொள்ளும். நல்ல அலைன்மெண்ட் பட்டறையில் அரைநாள் வேலை.

வளைவில் சாயும் குறைக்கு மருந்து 1965-லேயே கிடைத்துவிட்டது. கரோல் ஷெல்பியின் பட்டறையில் உருவான ஜி.டி.350 வண்டிகளில் மேற்கையின் பிடிப்பை ஓர் அங்குலம் கீழே இறக்கினர். கோபுரத்தில் புதிய துளைகள் இடுவதே வேலை. மூலவமைப்பில், உடல் சாயும்போது வெளிச்சக்கரத்தின் தலையும் வெளியே சாய்ந்து டயரின் விளிம்பு மட்டுமே சாலையைத் தொடுகிறது. கையை இறக்கியபின், சக்கரம் மேலெழும்போது அதன் தலை உள்ளே இழுக்கப்படுகிறது. டயர் பரந்து ஊன்றுகிறது. ஓரங்குலத்துக்குமேல் இறக்கினால் பால் ஜாயிண்டின் கோணம் மீறும். ஜி.டி.350-இல் முன்புறம் ஓர் அங்குலத் தடிமனான சாய்வுத் தடுப்புக் கம்பியும், இரு கோபுரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டும் சேர்த்தனர். இவையும் பெருஞ்செலவல்ல.

நிற்க. பட்டறைக்காரர் சொன்ன புதிய முன்பாகம் 1974-ஆம் ஆண்டு மாடலாக வந்த ‘மஸ்டாங் இரண்டு’ வண்டியின் அமைப்பைத் தழுவியது. கோபுரங்களை அறுத்தெடுத்து, கீழே ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்துப் பற்றவைப்பது. அகன்ற பெரிய எஞ்சினை இறக்க விரும்புவோர்க்கு இடம் கிடைக்கும். ரேக் ஸ்டீயரிங்கும் வரும். ஆனால் கோபுரம் தாங்கிய பாரம் முழுவதும் அடிச்சட்டத்துக்கு மாறுகிறது. சட்டம் துருவற்றதாகவும் பற்றவைப்பு நேர்த்தியாகவும் இருத்தல் வேண்டும். அறுத்ததை எளிதில் ஒட்டவும் முடியாது. தம்பி எஞ்சினை மாற்றப் போவதில்லை. பின் எதற்கு அறுப்பது?

இதை நாம் சொன்னபோது அவன் முதலில் கோபித்தான். “அண்ணா, நீங்கள் இந்தக் காரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை” என்றான். உண்மைதான். வேறொரு பட்டறையில் கோபுரங்களைச் சோதித்துவிட்டு முடிவு செய்யும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம். சுருள்வில்லை வீட்டில் ஜாக்கியை நம்பிக் கழற்றலாகாது என்றும், அழுத்தித் தாங்கும் தனிக் கருவியின்றித் தொட்டால் அது உயிருக்கே உலை வைக்கும் என்றும் வற்புறுத்தினோம்.

சோதனையில் கோபுரங்கள் பழுதற்றவை என்று தெரிந்தது. புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி அலைன்மெண்டும் முடிந்தது. துளையிடும் வேலையை ஊரிலிருந்து திரும்பியபின் பார்த்துக்கொள்வதாகக் கூறுகிறான். விமானச் சீட்டு நான்கும் பதிவாகிவிட்டன. சித்தி நேற்றும் அழைத்தார். கார் இப்போது நேராகப் போகிறதா என்று நம்மிடமே கேட்கிறார்.