கணினி விளையாட்டைத் தாங்களே உருவாக்கும் கேரள மாணவர்கள்: எல்லைத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வாய்ப்பு

புது தில்லி: பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையில் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. இவ்விளையாட்டுகளை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ. 1 கோடி வரை அபராதம் என்ற பகுதியே பெரிதும் பேசப்பட்டது. கல்வி சார்ந்த விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் அதே சட்டம் வழிசெய்கிறது என்பது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை.

கணினி விளையாட்டு, அசைவூட்டப்படம் ஆகிய துறைகளுக்குப் பணிக்குழு அமைக்கப்படும் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது 2022-ல். மும்பையில் தேசிய உயர்திறன் மையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 செப்டம்பரில். ஆனால், கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் இப்பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அம்மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் 2018 ஜனவரியில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள், இன்று 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் செயல்படுகின்றன. எட்டாம் வகுப்பில் திறனறித் தேர்வு நடத்தி உறுப்பினர்கள் சேர்க்கப்படுகின்றனர். அசைவூட்டம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றுடன் கணினி விளையாட்டு உருவாக்கமும் இவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஓணத்தையொட்டி நடந்த முகாம்களில், அப்பண்டிகையையே கருவாகக் கொண்டு மாணவர்கள் விளையாட்டுகளை உருவாக்கியதும் உண்டு.

இதற்குப் பயன்படும் 'ஸ்கிராட்ச்' மென்பொருள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்டது; கட்டணம் இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். திரை, 480-க்கு 360 புள்ளிகள் கொண்ட ஒரு வரைபடத் தாள். அம்புக்குறி விசையை அழுத்தினால் உருவத்தின் எக்ஸ் மதிப்பு 10 கூட வேண்டும். பந்து மட்டையைத் தொட்டால் திசை மாற வேண்டும். தவறினால் ஓர் உயிர் குறைய வேண்டும். கணிதப் பாடத்தில் உயிரற்றுக் கிடக்கும் ஆயத்தொலைவுகளும் எதிர்ம எண்களும் இங்கே மாணவனின் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. கணக்கு தவறினால் பந்து சுவருக்குள் சிக்கிக்கொள்ளும். ஏன் என்று அவனே கண்டறிந்தாக வேண்டும்.

காசு போட்டு ஆடும் 'ஆர்கேட்' இயந்திரங்களின் அடிப்படையும் இதுதான். 1972-ல் 'அடாரி' வெளியிட்ட 'பாங்', இரு மட்டைகளும் ஒரு பந்தும் மட்டுமே. ஜப்பானியர் தோமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் வீழ வீழ எஞ்சியோரின் வேகம் கூடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் விரைந்து இயங்கியதே காரணம். அந்தக் குறையை நீக்காமல் விட்டார் அவர். அதுவே ஆட்டத்தின் சுவையாகிவிட்டது.

மின்சுற்றுப் பலகை, அழுத்து பொத்தான், ஒலிப்பான் ஆகியவை அடங்கிய 29,000 ரோபோட்டிக் பெட்டிகளையும் கேரளம் 2022 முதல் பள்ளிகளுக்கு வழங்கியுள்ளது. அட்டைப்பெட்டியில் பொத்தான்களைப் பொருத்தி, சிறிய ஆட்டக்கருவி ஒன்றைப் பள்ளியிலேயே செய்துவிட முடியும்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழியில் பயில்வோருக்கும் மாநிலப் பாடத்திட்டமே பொருந்தும். மொழிச் சிறுபான்மையினருக்கு மலையாளப் பாடநூல் தாமதமின்றித் தமிழிலும் கிடைக்க வேண்டும் என்பது பழைய பிரச்னை. கணினிப் பாடத்தில் அதன் சுமை இன்னும் அதிகம். 'மாறி', 'நிபந்தனை' போன்ற சொற்கள் தாய்மொழியில் விளங்காத மாணவனுக்கு வண்ணக் கட்டைகள் வெறும் கட்டைகளே. மேலும், குழுவில் சேர எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் கணினி இல்லாத வீட்டுச் சிறுவனுக்கு, பள்ளி மடிக்கணினியின் முன் கிடைக்கும் நேரமே மொத்த நேரம்.