சோம்பல் அன்று, காரணம் வேறு

தொடக்கநிலை இரண்டில் பயிலும் சிறுவன் ஒருவன், ஆசிரியர் சொல்லும் கதையை ஆர்வத்தோடு கேட்கிறான். கேள்விகளுக்கு வாய்மொழியாகத் தெளிவாக விடையளிக்கிறான். ஆனால், அதே கதையை வாசிக்கச் சொன்னால் சொல்லுக்குச் சொல் தடுமாறுகிறான். நேற்று வாசித்த சொல்லும் இன்று அவனுக்குப் புதிதாகத் தெரிகிறது. “சோம்பேறி”, “கவனமே இல்லை” என்று பிறர் சொல்லச் சொல்ல, அவனும் அதை நம்பத் தொடங்குகிறான். இத்தகைய பிள்ளைக்கு ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும்.

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அன்று. பார்வைக் கோளாறும் அன்று. சொல்லில் அடங்கிய ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்துகளோடு பொருத்துவதில் ஏற்படும் சிரமமே பெரும்பாலும் இதற்குக் காரணம். குடும்பத்தில் ஒருவருக்கு இது இருந்தால், பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே, “இன்னும் முயன்று படி” என்று கூறுவது மட்டும் போதாது. தடுமாற்றத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அதற்காகவே மதிப்பீடு செய்யப்படுகிறது.

முதலில், பிள்ளையின் பார்வையிலும் செவித்திறனிலும் குறை உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர், உளவியலாளர் பெற்றோரிடம் சில விவரங்களைக் கேட்டறிவார். பிள்ளை பேசத் தொடங்கிய வயது, பள்ளியில் எதிர்நோக்கும் சிக்கல்கள், வீட்டில் பேசும் மொழி ஆகியவை அவற்றுள் அடங்கும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளை ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறினால், பழக்கமின்மைகூட அதற்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா?

அடுத்து, உளவியலாளர் பிள்ளையுடன் தனியாக அமர்ந்து சில பயிற்சிகளைக் கொடுப்பார். புதிர்களின்மூலம் சிந்தனைத் திறனை அறிவார். சொற்களை வாசிக்கவும் எழுதவும் சொல்வார். பொருளற்ற சொற்களையும் வாசிக்கச் சொல்வதுண்டு. மனப்பாடம் செய்தோ ஊகித்தோ அவற்றை வாசிக்க இயலாது. ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்படும். ‘மாடு’ என்னும் சொல்லில் ‘ம்’ ஒலியை நீக்கினால் ‘ஆடு’ எஞ்சும் என்று கண்டறிவது போன்ற பயிற்சி அது. இங்குத் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிள்ளையின் வலிமை எது, உதவி தேவைப்படுவது எதில் என்பதை அறிக்கை விளக்கும்.

அறிக்கையோடு பணி முடிந்துவிடுவதில்லை. சிங்கப்பூரில், டிஸ்லெக்சியா உள்ள தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்காகப் பள்ளியிலேயே சிறு குழுக்களாகக் கற்பிக்கும் திட்டம் 2016ஆம் ஆண்டுமுதல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் உள்ளது. 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் மதிப்பீடு செய்வதோடு சிறப்பு வகுப்புகளையும் நடத்துகிறது. தேவைப்படும் மாணவர்கள் தேர்வில் கூடுதல் நேரம் பெற விண்ணப்பிக்கலாம். டிஸ்லெக்சியா முற்றிலும் மறைந்துவிடாது. எனினும், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பித்தால் வாசிப்புத் திறன் மேம்படும். இப்பயிற்சியை இளவயதிலேயே தொடங்குவது சிறந்தது.

மதிப்பீடு செய்தால் பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடும் எனச் சில பெற்றோர் அஞ்சுகின்றனர். ஆனால், ‘சோம்பேறி’ என்ற முத்திரை அச்சிறுவன்மீது முன்பே விழுந்துவிட்டது. அதை அகற்றும் முதற்படியே மதிப்பீடு.