பூமிக்குள் பாதி, வெளியே பாதி! கட்டிடக் கலைஞர் தமக்குக் கட்டிக்கொண்ட ஆபீஸ்

ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தருகிறார் ஒருவர். பள்ளிக்கூடம் கட்டுகிறார். கல்லூரி கட்டுகிறார். அவர் தமக்கென்று ஓர் ஆபீஸ் கட்டிக்கொண்டால் அது எப்படி இருக்கும்?

வானத்தை முட்டும் மாடிகள் இருக்குமா? தரையெல்லாம் சலவைக் கல் பளபளக்குமா? முதலாளிக்குப் பெரிய அறையும், மற்றவர்களுக்கு மூலையும் கிடைக்குமா?

குஜராத் மாநிலத்தில் உள்ள அகமதாபாத் நகரில் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் "சங்காத்". சேர்ந்து நடப்பது, உடன் வருவது என்பது அந்தச் சொல்லின் பொருள்.

இதைக் கட்டியவர் பாலகிருஷ்ண தோஷி. கட்டிடக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். தமது குழுவினர் உட்கார்ந்து படம் வரைவதற்காக 1980-ம் ஆண்டு இந்த ஆபீசைக் கட்டினார்.

கூண்டு வண்டிக் கூரை

தெருவிலிருந்து பார்த்தால் அதை ஆபீஸ் என்றே சொல்ல மாட்டீர்கள். கூண்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதன் கூரை எப்படி வளைந்து இருக்கும்? அதுபோல வளைந்த வெள்ளைக் கூரைகள் வரிசையாகத் தெரியும். கூரைகள் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இருக்கும். "இதற்குள் மனிதன் நிமிர்ந்து நிற்க முடியுமா?" என்று சந்தேகம் வரும்.

உள்ளே போனால் ஆச்சரியம்! உயரமான கூடங்கள் இருக்கின்றன. எப்படி? கட்டிடத்தின் ஒரு பகுதி பூமிக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே தெரிவது பாதிதான்.

இது வேடிக்கைக்காகச் செய்தது அல்ல. அகமதாபாத் வெயில் பொல்லாத வெயில். கோடையில் 42, 43 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே சாதாரணம். மேல் தரை எவ்வளவு கொதித்தாலும், சில அடி ஆழத்தில் மண் அவ்வளவு சூடாவது இல்லை. நிலவறை கோடையிலும் குளுமையாக இருப்பது அதனால்தான். தோஷி அந்தக் குளிர்ச்சியை ஆபீசுக்குள் கொண்டு வந்தார்.

உடைந்த பீங்கானுக்கு ஒரு வேலை

கூரையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுட்ட களிமண்ணால் செய்த குழாய்களை வரிசையாக அடுக்கி, கீழும் மேலும் காங்கிரீட் போட்டார்கள். குழாய்களின் உள்ளே காற்று நிற்கிறது. காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. ஆகவே கூரையின் மேல் விழும் வெயில் உடனே உள்ளே இறங்குவது இல்லை.

கூரையின் மேல்புறத்தில் என்ன பதித்தார்கள் தெரியுமா? உடைந்த பீங்கான் ஓடுகளின் வெள்ளைச் சில்லுகள்! குப்பையில் போக வேண்டிய பொருள் அது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அடிக்கும். நம் ஊரில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மழைக்காலத்திலும் இந்தக் கூரை சும்மா இருப்பது இல்லை. வளைந்த கூரையில் விழும் தண்ணீர் வாய்க்கால்களில் ஓடி, தோட்டத்துக் குளத்தில் சேருகிறது.

வேலை செய்வோருக்கு வெளிச்சமும் வேண்டும். கூரையின் இடைவெளிகளிலும் உயரமான ஜன்னல்களிலும் அது வருகிறது. நேர் வெயில் கண்ணைக் குத்தக்கூடாது. ஆனால் அறை இருட்டாகவும் இருக்கக்கூடாது. படம் வரைகிறவர்களுக்கு இது மிக முக்கியம். இதனால்தான் பழைய கட்டிடக் கலைஞர்கள் பலர் வடக்குப் பக்க ஜன்னலை விரும்பினார்கள். நம் பக்கத்து நாடுகளில் வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். காகிதத்தில் கையின் நிழல் அழுத்தமாக விழாது.

கட்டிடத்துக்கு வெளியே புல் முளைத்த படிக்கட்டுகள் இருக்கின்றன. அவை ஏறிப் போவதற்காக மட்டும் அல்ல, உட்காருவதற்காகவும்தான். பேச்சு, கூட்டம் எல்லாம் அங்கே நடக்கும். ஆபீசுக்கு வருகிறவர்கள் தோட்டத்தையும் தண்ணீரையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கதவைத் தொடுவதற்கு முன்பே மனம் கொஞ்சம் ஆறிவிடும்.

யார் இந்தத் தோஷி?

தோஷி 1927-ம் ஆண்டு புனா நகரில் பிறந்தார். மேசை, நாற்காலி செய்யும் குடும்பம். இளவயதில் பாரீஸ் நகருக்குப் போய், புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் லெ கார்பூசியேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் சம்பளமே கிடையாது. அந்தக் கஷ்டத்தைச் சகித்துத் தொழில் கற்றார். 1954-ம் ஆண்டு இந்தியா திரும்பி, அகமதாபாத்திலேயே தங்கிவிட்டார்.

கல்லூரிகளைக் கட்டினார். இந்தூரில் ஏழை மக்களுக்காகக் குடியிருப்பு அமைத்தார். 2018-ம் ஆண்டு, கட்டிடக் கலைக்கு உலகின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 2023-ம் ஆண்டு, 95-வது வயதில் காலமானார்.

இவ்வளவு பெரிய மனிதரின் ஆபீசில் விலை உயர்ந்த பொருள் எது? தேடினாலும் கிடைக்காது. மண், தண்ணீர், நிழல், காற்று, உடைந்த பீங்கான். இவைதான் அவர் செய்து கொடுத்த வசதிகள்!

ஆளைக் கவிழ்த்த நாற்காலி

எல்லாக் கலைஞர்களும் வேலை செய்கிறவரின் உடம்பை நினைத்துப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் ராசீன் என்ற ஊரில் ஜான்சன் மெழுகுக் கம்பெனி இருக்கிறது. அதன் தலைமை ஆபீசை பிராங்க் லாயிட் ரைட் என்ற மேதை வடிவமைத்தார். 1939-ம் ஆண்டு அது திறக்கப்பட்டது. தாமரை இலைபோல விரிந்த தூண்கள். கண்ணாடிக் குழாய்களின் வழியே வரும் வெளிச்சம்! இன்றும் உலகமே போற்றும் கூடம் அது.

அங்கே டைப் அடிக்கும் பெண்களுக்காக ரைட் ஒரு நாற்காலி செய்தார். அதற்குக் கால்கள் மூன்றுதான். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சாய்ந்தால் போதும், நாற்காலி கவிழ்ந்துவிடும்! கடைசியில் அதற்கு நான்காவது கால் வைக்க வேண்டி வந்தது.

கண்ணுக்கு அழகான கூடம் உட்காருகிறவருக்குச் சுகமாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை. அதற்கு இந்த நாற்காலியே சாட்சி.

நல்ல எண்ணம், கெட்ட முடிவு

இன்னொரு கதையும் இருக்கிறது. ஆபீஸ்களில் இடுப்பளவு, தோளளவு தட்டிகள் வைத்து ஆளுக்கொரு கூண்டுபோலப் பிரித்திருப்பார்கள். இதற்கு வித்திட்டவர் ராபர்ட் பிராப்ஸ்ட் என்ற அமெரிக்கர். ஹெர்மன் மில்லர் என்ற மரச் சாமான் கம்பெனிக்காக 1968-ம் ஆண்டு அவர் இந்தத் தட்டிகளை அமைத்தார்.

அவர் எண்ணம் நல்ல எண்ணம். "ஒருவர் நின்று வேலை செய்யட்டும், உட்கார்ந்தும் செய்யட்டும். தனிமை வேண்டுமானால் தட்டியை மூடட்டும், பேச வேண்டுமானால் திறக்கட்டும்" என்று நினைத்தார்.

கம்பெனிகள் வேறு கணக்குப் போட்டன. "தட்டிகளை நெருக்கி வைத்தால் அதே இடத்தில் இன்னும் பல பேரை உட்கார வைக்கலாமே!" என்று கண்டுபிடித்தன. மனிதனின் சௌகரியத்துக்காக வந்த தட்டி, அவனை அடைக்கும் பெட்டியாக மாறியது. பிற்காலத்தில் பிராப்ஸ்ட் இதை நினைத்து மிகவும் வருந்தினார்.

சமையல் அறை உலகப் புகழ் பெற்றது

வெளிச்சம், காற்று, நாற்காலி மட்டும் போதுமா? வயிறு இருக்கிறதே!

லண்டன் நகரில் தேம்ஸ் நதிக்கரையில் ரிச்சர்டு ரோஜர்ஸ் என்ற கட்டிடக் கலைஞரின் ஆபீஸ் இருந்தது. பழைய எண்ணெய்க் கிடங்கைப் புதுப்பித்து அதை அமைத்திருந்தார். அங்கே வேலை செய்கிறவர்கள் மத்தியானம் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டாமா? அவர் மனைவி ரூத், ரோஸ் கிரே என்ற தோழியுடன் சேர்ந்து 1987-ம் ஆண்டு ஒரு சாப்பாட்டு அறையைத் தொடங்கினார். இத்தாலிய வீட்டுச் சமையல்தான் அங்கே விசேஷம்.

அதுதான் "ரிவர் கபே". ஆபீஸ் சிப்பந்திகளுக்காகத் தொடங்கிய அறை, நாளடைவில் உலகப் புகழ் பெற்ற ஓட்டலாக வளர்ந்தது!

ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பெரியவர், சின்னவர் என்ற பேதம் சிறிது கரைகிறது. புதிதாகச் சேர்ந்த பையன்கூட மனத்தில் உள்ளதைச் சொல்ல முடிகிறது. பந்தியில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

இத்தாலியில் ரென்சோ பியானோ என்ற கலைஞர் ஜெனோவா நகருக்கு அருகே மலைச்சரிவில் ஆபீஸ் கட்டினார். 1991-ம் ஆண்டு அது முடிந்தது. மலைவயல்போலப் படிப்படியாக இறங்கும் தளங்கள், மேலே கண்ணாடிக் கூரை. கூரையின் தட்டிகள் வெயிலுக்குத் தக்கபடி தாமாகவே திரும்பும். தலையை நிமிர்த்தினால் கடல் தெரியும்!

ராத்திரி பத்து மணிக்குக் காப்பி எதற்கு?

இப்போது பல ஆபீஸ்களில் புதுப்புது வசதிகள் வந்துவிட்டன. சாய்வு மெத்தைகள், காப்பி இயந்திரம், உடற்பயிற்சி அறை, பொத்தானை அழுத்தினால் உயரும் மேசை, இப்படி எத்தனையோ. 2020-ம் ஆண்டு கொரோனா வந்து, பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகினார்கள். அவர்களைத் திரும்ப அழைப்பதற்காகவும் முதலாளிகள் ஆபீசை அழகுபடுத்தினார்கள்.

இவற்றையெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவது இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆபீசில் ராத்திரி சாப்பாடு இலவசம் என்றால், ராத்திரி வரை அங்கே ஏன் இருக்க வேண்டும்?

கட்டிடக் கலைத் தொழிலில் இந்தக் கேள்விக்கு மிகுந்த பொருள் உண்டு. இரவு பகலாகப் படம் வரைவது அங்கே பழைய பழக்கம். பெரிய கலைஞரிடம் தொழில் கற்கலாம் என்று சம்பளம் இல்லாமல் வேலை செய்த இளைஞர்கள் பல நாடுகளில் உண்டு.

2019-ம் ஆண்டு லண்டனில் இது பெரிய செய்தி ஆயிற்று. செர்பென்டைன் என்ற கலைக்கூடத்துக்கு ஒரு கோடை மண்டபம் கட்டும் பொறுப்பை வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் ஏற்றிருந்தார். அவர் ஆபீசில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை என்ற விவரம் வெளிவந்தது. வேலை நேரமோ முற்பகல் 11 மணி முதல் நள்ளிரவு வரை, வாரத்தில் 6 நாள்! கண்டனம் எழுந்தது. "எங்கள் மண்டபத்துக்காக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்" என்று கலைக்கூடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பசித்தவனுக்கு மெத்தை போட்டால் பசி தீருமா? அதுபோலத்தான் இதுவும். கூலிக்குப் பதில் காப்பி ஆகாது. வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பதில் விளையாட்டு அறை ஆகாது.

வேலைக்குப் போகும் பிள்ளைகள் பார்க்க வேண்டியவை

உங்கள் மகனோ மகளோ புதிய வேலைக்குப் போகிறார்களா? வாசலில் உள்ள பூந்தொட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஜன்னல் யாருக்கு இருக்கிறது? முதலாளி அறைக்கு மட்டுமா, கடைசி மேசைக்கும் வெளிச்சம் வருகிறதா?

நாற்காலி எப்படி இருக்கிறது? எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு தாங்குமா?

சாப்பிட இடம் இருக்கிறதா? எல்லோரும் அங்கே வந்து சாப்பிடுகிறார்களா? பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கும் அங்கே இடம் உண்டா?

குடிக்க நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பறை, பெண்களுக்குத் தனி வசதி இருக்கின்றனவா?

மாலையில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால் அது நல்ல ஆபீஸ். கட்டிடம் ஓட்டு வீடாக இருந்தாலும் சரி, ஒன்பது மாடியாக இருந்தாலும் சரி.

வசதி என்பது கடையில் வாங்கி வைக்கும் பொருள் அல்ல. "இங்கே வேலை செய்கிறவனும் என்னைப்போல மனிதன்" என்ற நினைப்புத்தான் வசதி. அந்த நினைப்பு இருந்தால், உடைந்த பீங்கான் சில்லும் நிழல் தரும்!