மணி விழித்திருக்கும் தூரம்

குளிர்நாடுகளில் மரங்கள் சிவந்தும் மஞ்சளித்தும் இலைகளை உதிர்க்கத் தொடங்கும் பருவத்தில், அங்குள்ளவர்கள் தார்ச்சாலையை விட்டு விலகிக் கல்லும் சேறுமான தடங்களில் வண்டியோட்டிப் போவதும், போகையில் ஒரு குட்டி நாயையும் கூடவே ஏற்றிக்கொள்வதும் பெரிய விநோதமாகப் பரவியிருக்கின்றன என்றும், அதற்கு ஒப்பாக நம்முடைய சேலம், நாமக்கல் சமவெளியில் ஏதேனும் உண்டா என்றும் பத்திரிகை ஆசிரியர் விசாரித்தபோது, நான் சற்றும் யோசியாமல் உண்டு என்று சொல்லிவிட்டேன். சென்ற ஆறு வருஷங்களாக ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தவிர உருப்படியான காரியம் வேறொன்றும் நான் செய்ததில்லை.

இலையுதிர்காலம் என்ற சொல்லை மட்டும் இந்தச் சீமைக்குப் பொருந்தாதது என்று முதலிலேயே தள்ளிவிட வேண்டும். நம் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும்; ஐப்பசியிலோ, வடகிழக்குப் பருவமழை இறங்கிய சில நாட்களுக்குள், கோடை முழுவதும் வெறும் முட்குச்சிகளாய் நின்ற வேலிகளெல்லாம் ஒரே மூச்சில் பச்சை பிடித்து, கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் அவற்றின்மேல் ஏறிப் படர்ந்து, எது செடி எது கொடி என்று பிரித்தறிய முடியாத ஒரே மதிலாகிவிடும். ஆண்டை ஆறு பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயரிட்டு, வாடைக்காற்றுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிப் பிரிவை எண்ணி வருந்துவதற்கு உகந்த காலமாகவே அதைப் பாடினார்கள். அவர்களிடம் மொபெட் இல்லை.

என்னிடம் இருப்பது, ஊரார் ‘பிப்டி’ என்று செல்லமாக அழைக்கும் வண்டி. ஐம்பது சிசி எஞ்சினோடு 1980இல் ஓசூரில் பிறந்த வம்சத்தின் பிற்கால வாரிசு. பால் கேன், புண்ணாக்கு மூட்டை, சோளத்தட்டுக் கட்டு, சில சமயங்களில் ஒரு வெள்ளாடு என்று எதை வைத்தாலும் முகம் சுளிக்காமல் சுமக்கும் அந்த வண்டியின் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மூட்டைக்கென்று விடப்பட்டிருக்கும் இடத்தில், எஞ்சினின் சூடு தாக்காதபடி சாக்கொன்றை நான்காக மடித்துப் போட்டால் அது மணியின் ஆசனம். பொமேரியன் என்று சத்தியம் செய்து விற்கப்பட்ட மணி, வளர்ந்தபின் வாலும் காதும் தெரு நாயின் சாயலைக் காட்டிவிட்டது. நம் ஊர்களில் பொமேரியன் என்று கொஞ்சப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு ஜாதி என்று பிற்பாடு அறிந்து சிறிது ஆறுதல் அடைந்தேன். எடை ஆறு கிலோவைத் தாண்டாது. கழுத்தில் கயிறு கட்டி வண்டியோடு பிணைப்பது மகாபாபம். தவறி விழுந்தால் தூக்குக் கயிறாகும். மார்பைச் சுற்றிய பட்டை ஒன்றை என் இடது கையில் கோத்துக்கொள்வதும், பதினைந்து கிலோமீட்டர் வேகத்தை மீறாதிருப்பதுமே எங்கள் நியமம்.

கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளிலும் ஏற்காட்டுப் பாதையிலும் விலையுயர்ந்த வண்டிகளைச் சாய்த்து ஓட்டிப் படமெடுத்துக்கொள்வதே பிரயாணம் என்று கருதுகிறவர்களோடு எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. மலைக்கு மலையின் அழகு இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து தெற்கே, கைமுறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியைத் தாண்டி வெண்ணந்தூர்ப் பக்கம் திரும்பி, ஒருபுறம் கஞ்சமலையும் மறுபுறம் அலவாய்மலையும் நீலமாய்த் தெரிய, சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறந்து, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு காவிரியை நோக்கி நடக்கும் திருமணிமுத்தாற்றின் பக்கம் பக்கமாகப் போகிறவனுக்கு, மலையில் கிடைக்காத ஒரு பாதை கிடைக்கும். அதற்குப் பெயர் இட்டேரி.

கொங்கு நாட்டாருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: இரு பக்கமும் இடுப்பளவு மண் அணை, அணைகளின்மேல் உயிர்வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டிக்கு மட்டும் இடம், எதிரே வேறொரு வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்வாங்கியே தீரவேண்டிய ஒழுங்கை. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் தேய்த்துத் தேய்த்து, பக்கத்துக் காட்டைவிடத் தரை தாழ்ந்து கிடப்பதால், மழை வலுத்தால் இட்டேரியே ஓடையாகும்; மழை விட்ட மறுநாள் காலையில் இரண்டு சக்கரத்தடங்களிலும் செந்நீர் நிற்க, நடுவிலுள்ள புல்மேட்டில் வண்டியை ஏற்றிக்கொண்டு போவதே ஓட்டுகிறவனுக்கு உள்ள ஒரே வித்தை. சறுக்கினால் கிளுவை முள் காத்திருக்கிறது.

தார்ச்சாலையில் மணி உறங்கும். சேலத்தை விட்டுப் புறப்பட்டது முதல், நாமக்கல் லாரிகளின் ஏர் ஹாரனோ, சேகோ ஆலைகளிலிருந்து எழும் புளித்த கிழங்குமாவு நெடியோ எதுவும் அதற்குப் பொருட்டில்லை. முன்கால்களில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கிய அந்தக் கணத்தில்தான், வண்டி குலுங்கியதாலா, மணம் மாறியதாலா என்று நிச்சயிக்க முடியாதபடி, காதுகள் நிமிரும். பிறகு எழுந்து, கைப்பிடியின் நடுவே முன்கால்களை ஊன்றி, மூக்கை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் திருப்பிக்கொண்டே வரும். கிளுவை என்பது கிறிஸ்து பிறந்தபோது கீழ்த்திசை ஞானிகள் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் வெள்ளைப்போளத்தின் நெருங்கிய உறவு. ஒரு தளிரைக் கசக்கினால் நம்முடைய மொண்ணை மூக்குக்கே அந்த வாசனை விளங்கும்போது, ஆறு கிலோ எடையில் பாதி மூக்காகவே பிறந்த ஜீவனுக்கு அந்த ஒழுங்கை எவ்வளவு பெரிய புத்தகமாக விரியும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

இறக்கிவிட்டால் அது என்னை மறந்துவிடும். நின்று பார்க்கிறவனுக்கு வேலி பச்சை மதில். ஒரு சாண் உயரத்தில் முகமுள்ளவனுக்கு அது வாசல்களின் வரிசை. கீரி நுழையும் வாசல் வேறு, கௌதாரி தன் குஞ்சுகளோடு ஓடி மறையும் வாசல் வேறு. சாரைப்பாம்பின் சட்டை தொங்கும் இடத்தில் மணி ஒரு முழம் விலகி நின்று உறுமும். செம்போத்து ‘உக் உக்’ என்று உள்ளிருந்து குரல் கொடுத்தால் பதில் சொல்லாமல் தலையை மட்டும் சாய்க்கும். ஒருமுறை அணையின் வேரடியில் மூக்கை நுழைத்தபடி கால்மணி நேரம் அசையாமல் நின்றதைக் கண்டு, நானும் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன்: ஈரமண்ணில் ஒரு தேரை, இரண்டு குன்றிமணி, ஏதோ ஒரு சிறு பிராணியின் புழுக்கை. அவ்வளவுதான். அதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டால் நாயுருவி முற்றத் தொடங்கும். முழ நீளக் கதிரில் தலைகீழாய்க் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் முள்விதைகள், நம் வேட்டிக் கரையில் ஐந்தாறு ஒட்டினால் மணியின் வயிற்றிலும் தொடையிலும் ஐந்நூறு ஒட்டும். கதிரின் உயரமும் மணியின் உயரமும் ஒன்று என்பதால் செடி அதற்காகவே படைக்கப்பட்டது போலத் தோன்றும். விநாயகர் பூஜைக்குரிய பத்திரங்களில் ஒன்று, வேரால் பல் துலக்கினால் பல் உறுதிப்படும் என்றெல்லாம் அச்செடிக்கு எத்தனையோ பெருமை உண்டு. அதைச் சீப்பால் வாரி எடுக்கும் ஞாயிறு மாலைகளில் அப்பெருமை எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் மணிக்குக் காய்ச்சல் கண்டு, சோறு இறங்காமல், ஈறுகள் வெளுத்துக் கிடந்தபோது, வீட்டார் ஒரே வாக்காக இட்டேரியைத்தான் குற்றம் சாட்டினார்கள். முதலில் பார்த்த மருத்துவர் அஜீரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்றார்; 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எர்லிக்கியா என்னும் கிருமியின் வேலை. நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. தயிரோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் நாமக்கல் முட்டைக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் இங்கே சொல்ல வந்தது அதுவன்று. இந்த நோயைப் பரப்பும் பழுப்பு உண்ணி வேலிச்செடியில் வாழ்வதைவிட, வீட்டுச் சுவரின் வெடிப்பிலும் நாய்க்கூண்டின் இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகுவதே அதிகம் என்று அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், காம்பவுண்டுச் சுவரின் சிமெண்டுப் பூச்சு விரிந்த கீறலுக்குள் மிளகு சிந்தியது போல அவை இருந்தன. இட்டேரி நிரபராதி.

ஆனால் தண்டனை அதற்கே நடந்துகொண்டிருக்கிறது. மணி கண்விழித்த இடத்திலிருந்து மறுபடி முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளும் இடம்வரை எத்தனை கிலோமீட்டர் என்று விளையாட்டாக மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே நான் வழக்கமாகப் போகும் தடத்தில் முதல் வருஷம் அது நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மூன்றாம் வருஷம் இரண்டேகால். இந்த ஐப்பசியில் எண்ணூறு மீட்டர். நடுவே தார் போட்டிருக்கிறார்கள், அல்லது ஒருபக்கத்து அணையை வழித்துக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள், அல்லது நிலத்தை மனைகளாகக் கூறுபோட்டு வண்ணக் கொடிகளை ஊன்றியிருக்கிறார்கள். கம்பிவேலி வந்த இடத்தில் இரண்டே மழைக்குள் சீமைக்கருவேல் முளைத்துவிடுகிறது. மணி அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தும்மும்.

வெண்ணந்தூர்ச் சாலைக்குச் சற்று முன்னால், பெயர்த்துப் போட்ட கிளுவைக் கட்டைகளின் குவியலருகே வண்டியை நிறுத்தியிருந்தேன். கடலைக்காய்ச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த காட்டுக்காரர் வரப்புக்கு வந்து, மணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஏனுங்க, நாயிக்கு ஊர் சுத்திக் காட்டறீங்களா?” என்றார். வேலியை எடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன்.

“பின்ன என்னங்க பண்றது? ரெண்டு பக்கமும் சேத்து ஆறடி நெலத்தத் தின்னுபோட்டு நிக்குதுங்க. கம்பின்னா ஒரு சாண் போதும். வேலிக்குள்ள மயிலு அடையுது, வெதச்சதப் பூராப் பொறுக்கிப் போடுது. மழ பேஞ்சா பள்ளிக்கூட வேனு உள்ள வரமாட்டீங்குது.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வேனுக்கு வழி வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆயினும், ஒருபக்கம் அணை நிற்க மறுபக்கம் தார் போட முடியாதா, வழிக்குப் போக மிஞ்சிய பத்துப் பதினைந்து இட்டேரிகளையாவது வண்டிப்பாதை என்று கிராம வரைபடத்தில் இருக்கிறபடியே விட்டுவைக்கலாகாதா என்று என் மனம் வாதாடிக்கொண்டே இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமான அதே 1997ஆம் வருஷத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல்வெளி உயிர்வேலிகளுக்கென்று ஒரு சட்டவிதி வந்தது. இருபது மீட்டருக்குக் குறையாத வேலியை உடையவனே ஆனாலும் உள்ளூர் அதிகாரத்துக்கு அறிவிக்காமல் பிடுங்கலாகாது என்றும், முப்பது வயதுக்கு மேற்பட்டு, இன்னின்ன செடிகளும் பிராணிகளும் உள்ள வேலியானால் காக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. அங்கே இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய பல ஆண்டுகள் கண்மண் தெரியாமல் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிறகு வந்த ஞானம் அது. நம்முடைய கிளுவைக்கு வயது எழுதி வைத்தவர் எவருமில்லை. பாட்டன் நட்டது என்பார்கள், பாட்டனுக்கு முன்னாலும் இருந்தது என்பார்கள்.

காட்டுக்காரரிடம் நான் இவற்றைச் சொல்லவில்லை. ஐப்பசியில் கடலைக்காய் பிடுங்குகிறவனுக்கு மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு சிந்தை இருக்க நியாயமில்லை. அவரோ ஈரம் சொட்டும் ஒரு கைப்பிடிச் செடியைக் காயோடு வண்டியில் வைத்தார். நான் குவியலைப் பார்த்தேன். ஒடித்து நட்டால் பிழைக்கும் ஜாதியல்லவா, வெட்டிப் பத்து நாள் ஆகியும் சில கட்டைகள் கணுவுக்குக் கணு தளிர்விட்டிருந்தன. “அதுங்களா? மழ விட்டுக் காஞ்சதும் தீ வெச்சுப்போடுவனுங்க” என்று அவரே சொன்னார். மணி குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தகுந்த கட்டையைத் தேர்ந்தெடுத்துக் காலைத் தூக்கியது.

திரும்பும் வழியெல்லாம் தார். மணி உறங்கிவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீப்பும் கையுமாக நாயுருவி விதைகளை வாரி, ஆறு வருஷங்களாகச் செய்கிற வழக்கப்படி, காம்பவுண்டுச் சுவரின் ஓரத்தில் உதறினேன். சிமெண்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே அரை அடி மண் இருக்கிறது. போன வருஷத்து விதைகளில் மூன்று அங்கே முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்திருக்கின்றன. “அந்தக் களையைப் பிடுங்கிப் போடக் கூடாதா?” என்று என் மனைவி நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஆகட்டும் என்று நானும் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழித்தெழுந்த மணி, அதுவரை தெருப்பக்கமே பார்த்துப் படுப்பதை மாற்றி, அந்த மூன்று செடிகளின் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.